பாக்கி வைக்காதவர்

பலராமன் யாரிடமும் ஒரு ரூபாய் பாக்கி வைத்தவர் இல்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று தெரியவர அவருக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் வாடகைக் கார்களில் அவருடைய அம்பாசிடரும் ஒன்று. வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவது, ஞானம் கிடைத்தவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது, கிடைக்காதவர்களைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் விடுவது. இதுதான் தொழில். வாலிப வயதில் ஸ்டியரிங் பிடித்தவர், இன்றுவரை ஒரு கோழிக்குஞ்சை இடித்ததில்லை. இதை அவர் வெளியே சொல்லிக்கொண்டதும் இல்லை. ஸ்டாண்டில் இருப்பவர்கள்தான் கேலியாகச் சொல்வார்கள். "பலராமண்ண வண்டி வர்றதுக்குள்ள நாயி எழுந்து, சோம்பல் முறிச்சு, ரோட்ட தாண்டிப் போயி அந்தாண்ட படுத்துக்கும்." அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மெதுவாகப் போவதால் நஷ்டம் என்று அவர் நினைத்ததில்லை. அவரையே கேட்டு வண்டியில் ஏறுகிறவர்கள் இருந்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு முன்னால், இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. தேரடித் தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் மாடியில் 'வெண்குடை ஜெனரல் இன்சூரன்ஸ்' ஆபீஸ். வாசலில் 'உங்களை நாங்கள் அறிவோம்' என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஏசி. வாசலருகே டோக்கன் கொடுக்கும் மெஷின். அன்றைக்கு ஆபீஸில் பலராமனைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆனாலும் டோக்கன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கிளை மேலாளர் ஆதவன், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்தபடி காத்திருந்தார். மெஷின் ஒரு பெண் குரலில் எண்ணைச் சொன்ன பிறகு, அப்போதுதான் அவரைக் கண்டதுபோல முகம் மலர்ந்து "வாங்க சார்" என்றார். ஆதவனுக்கு வயது இருபத்தாறு இருக்கும்.

அவர் சொன்ன தொகையைப் பலராமன் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"போன வருஷத்துக்கு டபுளா கீதே சார். நான் எங்கயும் இடிக்கலையே."

"இடிக்கிறத இப்பல்லாம் நாங்க பெருசா எடுத்துக்கறதில்லைங்க. கட்டணத்த கம்பெனியே நிர்ணயம் பண்ணிக்கலாம்னு வந்துடுச்சு. அதனால சயின்டிஃபிக்கா பாக்கறோம். கடன் வரலாறு. வாங்கின கடன ஒழுங்கா கட்றவரு வண்டியையும் ஒழுங்கா ஓட்டுவாருனு ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சிருக்காங்க."

"நான் கடனே வாங்கினதில்லையே சார்."

"அதான் பிரச்சன," என்றார் ஆதவன் வருத்தத்தோடு. கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பலராமன் என்ற பெயருக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. "பாருங்க. நீங்க இந்த உலகத்துலயே இல்ல. எங்க சிஸ்டம் தேடு தேடுனு தேடிட்டு, கிடைக்கலன்னு சொல்லிடுச்சு."

பலராமன் தன்னுடைய இல்லாமையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நினைவு வந்து கேட்டார். "எங்க ஸ்டாண்டுல வல்லரசுனு ஒரு தம்பி. அவருக்கு உங்ககிட்ட கம்மியா போட்டாங்கனு சொன்னாரே."

வல்லரசு என்றதும் ஆதவனின் முகத்தில் மரியாதை படர்ந்தது. சுமோ ஓட்டுகிற வல்லரசு அந்த ஒரு வருடத்தில் மட்டும் வேட்டவலம் ரோட்டில் ஒரு மின்கம்பத்தைச் சாய்த்திருந்தார், ஒரு கல்யாண ஊர்வலத்தைக் கலைத்திருந்தார், கீழ்பென்னாத்தூரில் வண்டியை விட்டு இறங்காமலே ஒரு டீக்கடைக்குள் போயிருந்தார். அவருக்கு எட்டு இடத்தில் கடன் இருந்தது. ஒரு கடனை எடுத்து இன்னொரு கடனை அடைத்து, ஒரு தவணை தப்பாமல் நடத்திவந்தார்.

"அவரு எங்க ஸ்டார் கஸ்டமர். யோசிச்சுப் பாருங்க சார். வல்லரசுக்கு ஏதாவது ஆச்சுனா எட்டு ஃபைனான்ஸ் கம்பெனி அழும். அந்த பொறுப்பு மனசுல இருந்தா மனுஷன் ஜாக்கிரதையா ஓட்டுவாரா மாட்டாரா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுனா யாரு அழுவா?"

"என் பொண்டாட்டி அழுவா சார்."

"அது ரிப்போர்ட்ல வராதுங்க."

வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், மற்றவர்கள் மஞ்சள் போர்டு வண்டி என்றதுமே கையை விரித்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டவும் முடியாது. முழு இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு ஆசிரமப் பக்கத்து டிராவல்ஸ்காரர்கள் சவாரி கொடுக்க மாட்டார்கள். அந்தச் சவாரிதான் சோறு. டயர் மாற்றவென்று வைத்திருந்ததை எடுத்துக் கட்டிவிட்டு வெளியே வந்தார். இன்னொரு வருஷம் இப்படிக் கட்டினால் வண்டியை விற்க வேண்டியதுதான் என்பது மாடிப்படி இறங்கும்போதே கணக்காகிவிட்டது. ஆதவன் படிவரைக்கும் வந்து ஆறுதல் சொன்னார். "கவலப்படாதீங்க. அடுத்த வருஷத்துக்குள்ள ஒரு நல்ல கடனா வாங்கிடுங்க."

மறுநாளே பலராமன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஒரு பேங்குக்குப் போனார். கடன் பிரிவு அதிகாரி, எதற்காகக் கடன் என்று கேட்டார்.

"எனக்கு வேணும்னு இல்ல சார். என் பேர்ல ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பல வகையான ஆட்களைப் பார்த்தவர்தான், ஆனால் இது புது வகையாக இருந்தது. "இதுக்கு முன்னாடி வாங்கின கடன் ஏதாவது?"

"இல்லைங்க. இதான் மொத கடன்."

"மொத கடன் நாங்க யாருக்கும் குடுக்கறதில்லைங்க. ரெண்டாவது கடனுக்கு வாங்க, பாக்கலாம்."

முதல் கடன் எங்கே கிடைக்கும் என்று பலராமன் கேட்டார். அது தங்கள் துறை அல்ல என்று அதிகாரி பணிவாகவே சொன்னார்.

கடைசியில் முதல் கடன் மத்தளாங்குளத் தெருவில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் கிடைத்தது. அங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஒரு ஃபிரிட்ஜைத் தவணையில் ஏற்றிவிட்டார்கள். அந்த வருஷம் ஊரில் கரண்ட் வருவதைவிடப் போவதுதான் ஜாஸ்தி. வீட்டுக்கு வந்த ஃபிரிட்ஜை மனைவி கஸ்தூரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல இன்னாத்த வெக்கறது?"

"எதுனா வை. அது முக்கியமில்ல. நாம ஒழுங்கா கடன் கட்றோமானு ஊருக்குத் தெரியணுமாம்."

"ஊருக்கு நம்மளத் தெரியாதா?"

"ஊருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

அவள் எறும்புக்குப் பயந்து வெல்லத்தையும், எலிக்குப் பயந்து இரண்டு பட்டுப் புடவைகளையும் அதில் வைத்துப் பூட்டினாள். மாதா மாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். நடுவில் பௌர்ணமி வந்துவிட்டது.

பலராமன் வீட்டில் ஒரு வழக்கம். கடனோடு மலை சுற்றமாட்டார்கள். பக்கத்து வீட்டில் வாங்கின காப்பிப்பொடியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிரிவலத்துக்குச் செருப்பைக் கழற்றுவார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படி. கஸ்தூரி இந்த வழக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான், ஆனால் அவரைவிட அழுத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தவன் காச மடியில கட்டிக்கினு மலைய சுத்தினா, சுத்தின புண்ணியம் காசு குடுத்தவனுக்குத்தான் போவும். முட்டி வலிக்க நான் நடக்கறது, மோட்சத்துக்கு அந்தக் கடைக்காரன் போறதா? நாளைக்குப் போயி மொத்தத்தையும் கட்டிட்டு வந்துடுங்க."

அவர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை விற்ற பங்கு என்று கஸ்தூரியின் தம்பி கொடுத்திருந்த பணம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கடையில் கொட்டினார். கடைக்காரர் வாங்கமாட்டேன் என்றார். பலராமன் கெஞ்சினார். சீக்கிரம் கட்டியதற்கு அபராதம் ஒன்று உண்டு என்று சொல்லி அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, ஏதோ துரோகத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். அன்று புருஷனும் பொண்டாட்டியும் நிம்மதியாக மலை சுற்றினார்கள்.

அடுத்த வாரம் ஆபீஸில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, பலராமனுக்குத் தன் மேல் ஒரு சின்ன மதிப்பு இருந்தது. வாங்கிய கடனை அடைத்தவர் இல்லையா. ஆதவன் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"கட்டிட்டேன் சார். மொத்தமா."

"அதான் சொல்றேன். பத்து மாசம் கடன்காரனா இருப்பேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கீங்க. ஒரு மாசம்கூட இருக்கல. சொன்ன வாக்க காப்பாத்தாதவருன்னு இல்ல பதிவாயிருக்கு? முன்னாடி உங்களப் பத்தி ஒண்ணும் தெரியாம இருந்துச்சு. இப்ப கெட்டது தெரிஞ்சிருக்கு."

"சீக்கிரம் கட்றது தப்பா சார்?"

"இன்னைக்கு கடன்ல அவசரப்பட்டவரு நாளைக்கு வளைவுல அவசரப்பட மாட்டாருன்னு என்ன நிச்சயம்? நான் சொல்லல சார். சிஸ்டம் சொல்லுது."

வளைவில் அவர் எப்படிப் போவார் என்று கீழே வந்து பார்க்கச் சொன்னார் பலராமன். வண்டி வாசலில்தான் நிற்கிறது, செங்கம் வரைக்கும் போய் வரலாம், டீசல் தன்னுடையது என்றார். ஆதவன் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார். பிறகு, வண்டியில் ஏறிப் பார்த்து முடிவு செய்வது பழைய முறை என்றும், அதில் மனிதத் தவறுகள் நேர வாய்ப்புண்டு என்றும் விளக்கினார். மேலிடத்திலிருந்து மண்டல மேலாளர் வரப்போகிறார், வாடிக்கையாளர் விழிப்புணர்வு முகாம் நடக்கிறது, அங்கே வந்து முறையிடலாம் என்று ஒரு அழைப்பிதழைக் கொடுத்தார். அதில் மதிய உணவு உண்டு என்று போட்டிருந்தது.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் கல்யாணத்தின் பெயர்ப் பலகையைக் கழற்றாமலே வெண்குடையின் பேனரை அதன் மேல் கட்டியிருந்தார்கள். டிரைவர்கள், டிராக்டர்காரர்கள், வேன் வைத்திருப்பவர்கள் என்று கூட்டம் சேர்ந்திருந்தது. முதல் நிகழ்ச்சியாக, மாவட்டத்தின் மிகவும் நம்பகமான வாகன ஓட்டி என்று வல்லரசுவை மேடைக்கு அழைத்தார்கள். அவருடைய வலது கையில் மாவுக்கட்டு இருந்தது. பொன்னாடையைப் போர்த்தும்போது அது கட்டில் சிக்கிக்கொண்டது. இடது கையால் வணக்கம் சொல்லிவிட்டு, இந்த விருதை எட்டு கம்பெனிகளுக்கும் சமர்ப்பிப்பதாகச் சொன்னார்.

பிறகு மண்டல மேலாளர் பேசினார். சென்னையிலிருந்து வந்த அவருக்குக் குரல் நன்றாக இருந்தது.

"நண்பர்களே, ஒருவர் சாலையில் எப்படி வண்டி ஓட்டுகிறார் என்று பார்க்க வேண்டுமானால் நாங்கள் சாலைக்கு வர வேண்டும். உங்கள் ஊர் வெயிலை நான் காலையிலிருந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அது நடக்கிற காரியமா? ஆனால் ஒருவருடைய கடனை, குளிர்ந்த அறையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். இதைத்தான் விஞ்ஞானம் என்கிறோம். சிலர் கேட்கிறார்கள், விபத்தே செய்யாதவருக்கு ஏன் அதிகக் கட்டணம் என்று. விபத்து செய்யாதவர் இனிமேல் செய்யலாம் அல்லவா? அந்த வாய்ப்பு முழுதாக அவரிடம் பாக்கி இருக்கிறது. செய்துவிட்டவரிடம் அது குறைந்துவிட்டது. மேலும், கடனே இல்லாத மனிதனை எந்த நிறுவனம் நம்பும்? அவனுக்கு எங்களிடம் என்ன பயம்? தவணை கட்டுகிறவன் காலையில் எழுந்ததும் எங்களை நினைக்கிறான். கடன் இல்லாதவன் கடவுளை நினைக்கிறான், அல்லது சும்மா இருக்கிறான். சும்மா இருக்கிறவர்களை வைத்து ஒரு தொழிலை நடத்த முடியுமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பின்கட்டிலிருந்து பிரிஞ்சிச் சோற்று வாசனை வந்துகொண்டிருந்தது. கேள்வி நேரம் என்றதும் பலராமன் எழுந்தார். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் இதற்கு முன் மைக்கில் பேசியதில்லை.

"ஐயா, நான் நல்லா ஓட்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. அத எங்கனா எழுதிக்குவீங்களா?"

மண்டல மேலாளர் பக்கத்திலிருந்த ஆதவனிடம் குனிந்து பேசினார். நிமிர்ந்து, மிகுந்த பரிவோடு சொன்னார். "நல்ல கேள்வி. அதற்கு எங்களிடம் கட்டம் இல்லை. ஆனால் வெளியே போகும் வழியில் உங்களுக்காக நான்கு மேசைகள் போட்டிருக்கிறோம்."

நான்கு மேசையிலும் நான்கு கடன் கம்பெனிக்காரர்கள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழி அவர்களைத் தாண்டித்தான் இருந்தது. பலராமன் சாப்பிட உட்காரும்போது அவர் பெயரில் ஒரு தனிநபர் கடன், ஒரு செல்போன், ஒரு பைக், கஸ்தூரியின் வளையல் மேல் ஒரு கடன் என்று வரலாறு உண்டாகியிருந்தது. இந்தத் தடவை எதையும் முன்னால் கட்டிவிட வேண்டாம் என்று ஆதவன் இலை போடும் இடத்துக்கே வந்து கேட்டுக்கொண்டார்.

கஸ்தூரி ஒன்றும் சண்டை போடவில்லை. வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த பௌர்ணமிக்கு அவளும் அவரும் வீட்டிலேயே இருந்தார்கள். "அவனுங்க புண்ணியத்துக்கு நான் எதுக்கு நடக்கணும்," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பலராமனுக்கு அது வருத்தமாக இருந்தது.

தவணைகள் தேதி தவறாமல் வந்தன. அவற்றைக் கட்டச் சவாரி போதவில்லை. பெங்களூரு போய்விட்டு வந்த கையோடு சென்னைக்குக் கிளம்பினார். சென்னையிலிருந்து வந்ததும் பாண்டிச்சேரி. சாப்பாடு வண்டியில், தூக்கம் டீக்கடை பெஞ்சில், அதுவும் பாதி. முன்பெல்லாம் எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டுக் கையசைக்கிறவர், இப்போது ஹாரன் அடித்தார். வளைவுகளில் தவணைத் தேதி ஞாபகம் வந்தது. ஒரு நாள் செய்யாறு பக்கம் ஒரு மைல்கல்லில் உரசினார். இன்னொரு நாள் பஸ் ஸ்டாண்ட் ஓரம் ஒரு தள்ளுவண்டியைச் சாய்த்து, கொய்யாப்பழங்களைத் தானே பொறுக்கிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவர் இடித்தது எதை என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி மட்டும் உடைந்திருந்தது. ஆசிரமத்துக்கு வரும்போதெல்லாம் அவரையே கேட்டு ஏறும் ஒரு பிரெஞ்சுக்காரம்மா, அந்த வருஷம் கும்பிட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறிக்கொண்டார்.

வருஷம் முடிந்து ஆபீஸுக்குப் போனபோது டோக்கன் கேட்கவில்லை. ஆதவன் எழுந்து நின்றார். காப்பி வந்தது. கம்ப்யூட்டரில் பலராமன் என்ற பெயருக்குக் கீழே பக்கம் பக்கமாக ஓடியது.

"பிரமாதம் சார். உங்கள பாத்தா எனக்கே பெருமையா இருக்குது. பாதிக்குப் பாதி கம்மி பண்ணியிருக்கோம்."

பலராமனுக்கு மனசு கேட்கவில்லை. "சார், உண்மைய சொல்லிடறேன். இந்த வருஷம் நான் மூணு தபா இடிச்சிருக்கேன்."

"அதெல்லாம் ஓட்றவங்களுக்கு சகஜம்ங்க," என்றார் ஆதவன், ரசீதில் முத்திரை குத்தியபடி. மிச்சமான பணம் ஒரு கடனின் ஒரு தவணைக்கும் போதவில்லை. வண்டியை விற்க வேண்டாம், அதுவரைக்கும் சரி என்று நினைத்துக்கொண்டு பலராமன் படி இறங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் மகள் மணிமொழிக்கு வளைகாப்பு. விடியற்காலையில்தான் அவர் ஒரு சவாரி முடித்து வந்திருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். கஸ்தூரி முன் சீட்டில், மடியில் கண்ணாடி வளையல் பெட்டியும் சீர்த்தட்டும் வைத்துக்கொண்டு, யார் யார் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவர் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தார். அவள் அலறியபோது எதிரே மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டர் இருந்தது. பலராமன் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு ஏரிக்கரை மேட்டில் ஏறி, கருவேலம் புதரில் முட்டி நின்றது. டிராக்டர்காரன் திட்டிக்கொண்டே போனான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வளையல் கொஞ்சம் உடைந்திருந்தது.

கஸ்தூரி முதலில் உடைந்த வளையல்களைப் பொறுக்கி வெளியே போட்டாள். பிறகு கேட்டாள். "தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்து, தட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"எங்க போற?"

"நான் பஸ்ல வரேன்."

"ஏய், இன்னும் கொஞ்ச தூரம்தான். மெதுவா போறேன், வா."

"பொண்ணு நிறைமாசமா கீறா. நான் முழுசா போயி சேரணும்."

அவள் ரோட்டோரம் போய் நின்றாள். அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தார். அவள் ஏறவில்லை. கோபமாகவும் இல்லை. பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. அவர் இறங்கிப்போய் சீர்த்தட்டை வாங்கி, அவள் படியேறிய பிறகு நீட்டினார். அதை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

கண்டக்டர் தெரிந்த ஆள். அம்பாசிடரையும் அவரையும் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

பலராமன் வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளேயிருந்து கஸ்தூரி பதில் சொல்லிவிட்டாள்.

"வண்டி நல்லாத்தான் கீது," என்றாள். பிறகு, கீழ்பென்னாத்தூருக்கு ஒரு டிக்கெட் கேட்டாள்.